பழைய லேண்ட்ரோவர்: ஏறுவதற்கு முன் நிற்க வேண்டும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஜீப் வண்டி புதிதல்ல. நாலு சக்கரமும் இழுக்கிற எந்த வண்டியானாலும் நம் வாயில் அது ஜீப்தான். பெரிய துரை மலை பார்க்க வருவது அதிலே. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போய்விட்ட நேரத்தில், வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதிலேதான். நம் மலைப் பாதைகளில் ஓடும் இந்த ஜீப்புகளில் பல, உண்மையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லேண்ட்ரோவர் வண்டிகள். அவற்றில் சில, அவற்றை ஓட்டுகிறவரை விட வயதில் மூத்தவை.

2020ஆம் ஆண்டு நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. கராஜின் பின்னால் புல் முளைத்துக் கிடந்த வண்டிகளைக் கூட இழுத்து வந்து திருத்தி, மரக்கறி ஏற்றவும் ஆள் ஏற்றவும் விட்டார்கள். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் திருத்துகிற பணத்தை எதில் முதலில் போடுவது என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுவதைப் பார்க்கிறோம்.

அண்மையில் ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்தில் உழைத்து, சேமலாப நிதியை எடுத்து, அதில் பாதிக்கு மேல் கொடுத்து ஒரு பழைய லேண்ட்ரோவர் வாங்கியிருக்கிறார். மகன் கராஜில் வேலை பழகுகிற பையன். "ஐயா, டயரைப் பெருசாப் போட்டு ஸ்பிரிங்கையும் தூக்கிட்டா எந்த மலையும் ஏறும்னு மகன் சொல்றான். மிச்சப் பணத்தை அதுல போடவா?" என்று கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

வண்டி பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியில் உள்ள ஆங்கிள்சி தீவில் தன் பண்ணை வேலைக்குப் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதானால் என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் நாமே ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவரைக் காட்டினார்கள். ஆக, இது ஒரு பண்ணைக்காரன் பண்ணைக்கென்று நினைத்த வண்டி. நம் தோட்டத்துக்குப் பொருந்திப் போனதில் வியப்பில்லை.

அப்போது இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் மேல் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் இருக்கும் செசி இரும்பு. இந்த ஒரு விஷயம், பழைய லேண்ட்ரோவர் வாங்குகிற எவரும் மனதில் வைக்க வேண்டியது. மேலே பார்த்தால் துருவே தெரியாது, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி மினுங்கும். கீழே செசி தின்னப்பட்டிருக்கும்.

1958 வரை வந்தது முதல் சீரிஸ். அடுத்து சீரிஸ் 2, 2ஏ. 1971 முதல் 1985 வரை சீரிஸ் 3. நம் பக்கத்தில் அதிகம் காண்பது கடைசி இரண்டும்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்து 88 அங்குலம், 109 அங்குலம் என்று சொல்வார்கள். நீளமானதில் 12 ஆசனம் வைத்ததும் உண்டு. 12 ஆசனம் இருந்தால் இங்கிலாந்தில் அது சிறு பஸ் கணக்கில் சேர்ந்து ஒரு வரி குறையுமாம். அந்தக் காலத்திலேயே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்! நம் ஊரில் அதே வண்டியில் இருபது பேர் தொங்குவது வேறு கணக்கு.

கீழே படுத்துப் பாருங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு சிறு சுத்தியலோடு கீழே போக வேண்டும். செசியின் இரண்டு பக்கமும் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டிங்' என்று மணி போலப் பேசும். துருப்பிடித்த இடம் 'தொப்' என்று அடங்கிவிடும். செசி பெட்டி போல மூடிய அமைப்பு. உள்ளே புகுந்த சேறும் தண்ணீரும் வெளியே வராமல் உள்ளிருந்தே தின்னும். பின் முனையில் இருக்கிற குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டை வந்து மாட்டுகிற காதுகள், பக்கவாட்டில் உடம்பைத் தாங்க நீளும் கைகள், கால் வைக்கிற தட்டு ஆகியவற்றில் முதலில் தட்டிப் பாருங்கள். தட்டியது போதாது என்றால் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்கலாம். உள்ளே போனால் சந்தேகமே வேண்டாம்.

துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் செய்வது நம் ஊர் வழக்கம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த நல்ல இரும்போடு புதிய தகட்டைச் சேர்க்க வேண்டும். வெல்டிங் வைக்குமுன் பற்றரி வயரைக் கழற்றிவிட வேண்டும். பல வண்டிகளில் எண்ணெய்த் தாங்கி வலது பக்க ஆசனத்துக்குக் கீழே, செசிக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதைக் கழற்றித் தூரக் கொண்டு போய் வைக்காமல் தீப்பொறி பறக்க விடாதீர்கள். டீசல் தாங்கிதானே, பற்றாது என்று சொல்கிறவர்கள் உண்டு. காலியான டீசல் தாங்கியில் நிற்கிற ஆவியும் சூடுபட்டால் வெடிக்கும்.

பெரியவரின் வண்டியில் பின் ஸ்பிரிங் காது ஒன்றில் திருப்புளி நேராக உள்ளே போனது. மகன் முகம் சுண்டிப் போயிற்று. பெரிய டயருக்கு வைத்த காசில் முதல் பங்கு அங்கேயே போனது.

காலுக்குக் கீழே இருப்பது

பிரேக் விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழையவற்றில் நாலுக்கும் சேர்த்து ஒரே குழாய் வழி. எங்கேயாவது ஒரு இடத்தில் குழாய் வெடித்தாலோ ஒழுகினாலோ நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. இறக்கத்தில் அதைத் தெரிந்துகொள்வதை விட, வண்டி நிற்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, ஒரு கால் போதும்.

என்ஜினை ஓட விடாமல் பிரேக்கை ஒரு முறை மிதியுங்கள். கால் வெகு ஆழம் போய், இரண்டாம் மூன்றாம் மிதிக்கு மேலே ஏறி வந்தால், ஒன்று பிரேக் கட்டை தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது, இல்லையேல் குழாயில் காற்று இருக்கிறது. மிதித்தால் பஞ்சு போல அமுங்கினால் காற்றுத்தான். மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்திருக்கும்போது கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் போய்விட்டது. இந்தக் கடைசி வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. "ரெண்டு தடவை மிதிச்சா நிக்கும்" என்று டிரைவர் சொன்னால், ஏறாமல் நின்று விடுங்கள். வளைவில் இரண்டாவது தடவைக்கு நேரம் இருக்காது.

இடைவெளியைச் சரி செய்ய, டிரம்மின் பின்தட்டில் அட்ஜஸ்டர் நட் இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டே அதைத் திருப்பினால் ஒரு கட்டத்தில் சக்கரம் இறுகி நிற்கும். பிறகு சக்கரம் உரசாமல் சுழலும் வரை சற்றே பின்னால் விட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி செய்யாவிட்டால் வண்டி மிதித்தவுடன் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் இழுப்பதற்கு இன்னொரு காரணம், வீல் சிலிண்டரோ எக்சல் சீலோ ஒழுகி பிரேக் கட்டையில் எண்ணெய் படிந்திருப்பது. எண்ணெய் குடித்த கட்டையைத் துடைத்துப் போடுவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்! ஈரம் சேர்ந்த ஒயில், நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழு ஒயிலையும் மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஒயில் குறைந்ததென்று என்ஜின் ஒயிலை ஊற்றியவர்களையும் கண்டிருக்கிறோம். ஊற்றினால் உள்ளே இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப் போய் மொத்தப் பிரேக்கும் கெட்டுவிடும். மண்ணெண்ணெயால் கழுவினாலும் அதே கதிதான்.

கழுவுகிற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பது சாதாரணம். டிரம்மைக் கழற்றியதும் அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் கராஜ்களில் நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் செய்த துரோகம்

சில வருடங்களுக்கு முன், நல்ல மழை நாளில், ஒரு தோட்டத்திலிருந்து வயிற்று வலிக்காரப் பெண் ஒருவரை லேண்ட்ரோவரில் கொண்டு போனார்கள். எங்களில் இருவரும் அந்த வண்டியில் இருந்தோம். பாதி வழியில் பின் இடது டயர் காற்றுப் போயிற்று. இடம் சரிவு. டிரைவர் இருபது வருடம் ஓட்டின ஆள், அவசரக்காரர் அல்ல. பெண்ணை இறக்கி மதகுக் கட்டில் உட்கார வைக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்தார். முதல் கியரிலும் போட்டு வைத்தார். ஜெக் வைத்துத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டதும் வண்டி மெல்ல நகர்ந்தது. ஜெக் சாய்ந்தது. வண்டி ஐந்தாறு அடி உருண்டு மண் மேட்டில் முட்டி நின்றது. சக்கர நட்டில் இருந்த அவருடைய கையில் இரண்டு விரல் நசுங்கியது. அந்தப் பெண்ணையும் டிரைவரையும் பின்னால் வந்த லொறியில் ஏற்றி அனுப்பினோம்.

"ஹேண்ட் பிரேக் புடிக்கல, அது துரோகம் பண்ணிருச்சு" என்றே அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மெக்கானிக் பாஸ் கழற்றிப் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

காரணம் இதுதான். கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே பிடிக்கும். சீரிஸ் லேண்ட்ரோவரில் அப்படி அல்ல. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் எக்சலுக்குப் போகிற சுழல் தண்டில் ஒரே ஒரு டிரம் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதற்காக வைத்தது அது. தண்டு அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னே சுற்ற மற்றது பின்னே சுற்ற அது இடம் கொடுக்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும் வரை இது நடக்காது. ஒன்றைத் தூக்கிவிட்டால் அது அந்தரத்தில் பின்னோக்கிச் சுழலும், தரையில் இருப்பது தாராளமாக முன்னே உருளும். முதல் கியரில் போட்டதும் பிடிப்பது அதே தண்டைத்தான். ஆகவே பூட்டு இரண்டு போட்டாலும் கதவு ஒன்றுதான்.

எனவே இந்த வண்டியில் ஜெக் வைக்குமுன், தரையில் இருக்கப் போகிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். கட்டை வைத்த பிறகு சிவப்பு லீவரை லோவில் போட்டு, கியரிலும் போட்டு விட்டால் முன் எக்சலும் சேர்ந்து பிடிக்கும். ரோட்டோரத்தில் கல் தேடுகிற வேலை வேண்டாம். மழையில் வழுக்குகிற உருண்டைக் கல் கட்டையாகாது. ஒரு முழ நீளமுள்ள மரக்கட்டையைக் கோணலாக அறுத்து ஆப்பு மாதிரி இரண்டு ஜோடி செய்து, ஆசனத்தின் கீழே எப்போதும் வைத்திருங்கள்.

இதே காரணத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின் எக்சல் ஷாஃப்ட் முறிந்தால் என்ஜின் அலறும், வண்டி நகராது. அப்போது ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்யாது. கால் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். காலை எடுக்காமல், கூட இருப்பவரை இறங்கிக் கட்டை வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு சிவப்பு லீவரை லோவுக்கு மாற்றினால் முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்ச் சேரும்.

சிவப்பும் மஞ்சளும்

மஞ்சள் குமிழை அழுத்தினால், ஹையில் ஓடும்போதே நாலு சக்கரமும் சேரும். சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்தால் லோ, அதோடு நாலு சக்கரமும் தானாகச் சேர்ந்துவிடும். லோவுக்கு மாற்றுவதென்றால் வண்டி முழுதாக நிற்க வேண்டும். ஆகவே செங்குத்தான மண் பாதையில் இறங்குகிறவர், இறக்கத்தின் தலையிலேயே நிறுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவழியில் பயம் வந்த பிறகு மாற்றப் பார்த்தால், சிவப்பு லீவர் நடுவில் நின்றுவிடும். அந்த நடு நிலையில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாடி அந்த லீவரை நடுவுக்குத் தள்ளினாலும், கியரில் போட்டு வைத்ததற்குப் பலன் இருக்காது.

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில், கொங்கிரீட்டில் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினால் வளைவுகளில் தண்டுகள் முறுக்கேறி ஏதாவது ஒன்று உடையும். அங்கே ஹையிலேயே முதலாம் இரண்டாம் கியரில் இறங்கினால் போதும். டீசல் மிச்சம் என்று நியூட்டரில் விட்டு இறங்குகிறவர் மிச்சம் பிடிக்கிற டீசலின் விலையை, டிரம்மின் சூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சிலர் முன் சக்கரத்தில் கையால் பூட்டித் திறக்கிற ஹப் மாட்டியிருப்பார்கள். அது திறந்திருந்தால் சிவப்பு மஞ்சள் எதைப் போட்டாலும் முன் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. ஏற்றத்தில் இழுப்பும் இல்லை, இறக்கத்தில் பிடிப்பும் இல்லை. மழைக்காலத்தில் அதைப் பூட்டியே வைத்திருங்கள்.

பெரிய டயர், உயர்ந்த ஸ்பிரிங், ஜப்பான் என்ஜின்

இப்போது மகனின் ஆசைக்கு வருவோம். உயர்ந்த வண்டி பார்க்க எங்களுக்கும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பிரேக்கிடம் கடன் வாங்குகிறது.

88 அங்குல வண்டிக்கு வழக்கமாக வந்தது 6.00-16 டயர். உயரம் சுமார் 28½ அங்குலம். அதைக் கழற்றி 7.50-16 போட்டால் சுமார் 32 அங்குலம். டயர் உயர்ந்த அளவுக்கு, அதே மிதிக்கு வண்டியை நிறுத்துகிற பலம் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் இழுப்பும் அவ்வளவே குறையும். வேகமானி 40 காட்டும்போது உண்மையில் 45இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 109 வண்டிக்குக் கம்பனியே 7.50 டயர் கொடுத்ததே என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. அதோடு 11 அங்குல டிரம்மும் கொடுத்தது. பெரும்பாலான 88 வண்டிகளில் இருப்பது 10 அங்குல டிரம். டயரை மட்டும் பார்த்து டிரம்மை மறந்தால் எப்படி?

நீளமான ஷெக்கள் போட்டு ஸ்பிரிங்கை உயர்த்துவது மலிவான வேலை, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். முன் எக்சலின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையும். சுழல் தண்டின் கோணம் கூடி அதன் மூட்டு சீக்கிரம் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பிரேக் குழாயின் நீளம் போதாமல் இழுபடும். உயர்த்திய வண்டி ஒன்று கிடைத்தால், செசியை ஜெக்கில் தூக்கித் தாங்கி வைத்து, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அந்த றப்பர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கம்பி போல விறைத்திருந்தால் என்றோ ஒரு நாள் அறுபடும். பாரமும் உயரப் போவதால் சரிவில் வண்டி கவிழ்வது எளிதாகும். கூரை மேல் மூட்டை அடுக்கினால் இன்னும் எளிது.

என்ஜினை மாற்றுவது வேறு விதம். பழைய 2286 சி.சி. டீசல் என்ஜினின் பலம் 62 குதிரைவலுதான். அது தேய்ந்த பிறகு ஜப்பான் டீசல் என்ஜினை ஏற்றுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல மாற்றம் என்றே சொல்வோம். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 88 வண்டியின் எக்சல் ஷாஃப்ட் மெல்லியது. புது என்ஜினின் இழுப்பை நம்பி ஏற்றத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டால் அதுதான் முறியும். அடுத்தது, பிரேக்கில் வெக்குவம் சேர்வோ இருந்தால் அதற்கு உறிஞ்சுகிற காற்று வேண்டும். பெற்றோல் என்ஜின் அதைத் தானே கொடுக்கும். டீசல் என்ஜினுக்கு அதற்கென்று பம்ப் வேண்டும். பல ஜப்பான் என்ஜின்களில் அந்தப் பம்ப் அல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கிறது. செலவு குறைய வேறு அல்டர்னேட்டர் மாட்டினால் சேர்வோ செத்த மாதிரி.

சோதிப்பது எளிது. என்ஜினை நிறுத்திப் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றே கீழே இறங்கினால் சேர்வோ வேலை செய்கிறது.

என்ஜினை மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஓடி ஒரு விபத்து நேர்ந்தால், காப்புறுதிப் பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டி வரும். பழைய என்ஜினை வாங்கும்போதே அதற்குரிய கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் சாமான் மலிவாகக் கிடைத்தாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

செலவழித்தால் பலன் தருகிற மாற்றங்களும் இருக்கின்றன. ஒரே குழாய் வழிப் பிரேக்கை, முன் பின் தனித்தனி வழியாக மாற்றலாம். பழைய டைனமோவுக்குப் பதில் அல்டர்னேட்டர் போட்டால் பனிமூட்டத்தில் லைட் மங்காது. முன் ஆசனங்களுக்குப் பெல்ட் போடலாம். அதன் பொல்ட்டை மெல்லிய அலுமினியத்தில் பூட்டாமல் செசியோடு அல்லது கனமான இரும்புத் தகடு வைத்துப் பூட்ட வேண்டும். இவை ஒன்றும் பார்வைக்குத் தெரியாது, கூட்டாளிகள் கைதட்ட மாட்டார்கள்.

ஸ்டியரிங்கும் ஓடைத் தண்ணீரும்

ஸ்டியரிங் தண்டுகளில் ஆறு பந்து மூட்டுகள் உள்ளன. ஒருவர் சக்கரத்தைத் திருப்பாமல் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்தால் தளர்ந்தது தானே காட்டிக் கொடுக்கும். முன் சக்கரத்தின் பின்னால் பளபளவென்று உருண்டையாகத் தெரிவதில் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்தால் சீல் கிழிந்து ஒயில் ஒழுகும். உள்ளே ஒயில் இல்லாமல் ஓடினால் மூட்டுகள் காய்ந்துவிடும்.

ஆற்றைக் கடந்தால், கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள். கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். ஆழத் தண்ணீரில் இறங்கும்போது மட்டும் அதை அடைக்க ஒரு திருகு கொடுத்திருப்பார்கள். சிலர் ஒழுகுகிறதே என்று அதை நிரந்தரமாக அடைத்து விடுகிறார்கள். ஒழுகிய ஒயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் நாசமாகும்.

கழித்த ஒயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழே லயத்தில் அந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். அந்த ஒயிலை நாள் கணக்கில் வெறுங்கையில் பூசிக்கொண்டு நிற்பதும் தோலுக்குக் கெடுதி.

பெரியவரின் வண்டிக்கு வருவோம். செசியில் மூன்று இடம் வெட்டி வெல்டிங் செய்தார்கள். வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றி, குழாய் புதிது போட்டு, பந்து மூட்டில் நாலைந்து மாற்றினார்கள். டயர் அதே பழைய அளவுதான், புதிதாக நாலு. பெல்ட் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. மகன் கட்டைகள் இரண்டு ஜோடி அறுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, கயிறு கட்டி ஆசனத்தின் கீழே வைத்திருக்கிறான். போன மாதம் அந்த வண்டி ஒரு தாயையும் பிறந்து மூன்று நாளான குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து லயத்து வாசல் வரை கொண்டு வந்து விட்டது.